ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிக்க

கோயில் பாடகர் குழு, கல்யாணக் கச்சேரி, வீட்டில் ராக் என்று மூன்றுக்கும் ஒரே எலக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எச்எஸ்எஸ் அமைப்புள்ள கிட்டாராகப் பாருங்கள். அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்று இருக்கும்: பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கம் இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கர், நடுவிலும் நெக் (கழுத்து) பக்கமும் ஒற்றைக் காயில் கொண்ட சிங்கிள் காயில். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் அது ஒன்றே போதும். யமஹா பசிஃபிகா 112வி இந்த வகைதான், டோன் குமிழை வெளியே இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு காயில் மட்டும் பேசும். (அப்போது இரைச்சல் கொஞ்சம் திரும்பி வரும், பயப்படாதீர்கள்.)

இப்போதுள்ள கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் சிங்கிள் காயிலின் குணம். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை ஏரியல் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் அதை ஒன்றுக்கொன்று அடித்துவிடும்.

சந்தேகம் என்றால்:

1. கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். நிற்கும் திசைக்கேற்ப இரைச்சல் கூடிக் குறைந்தால் பிக்கப்தான்.

2. கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? அது எர்த் கோளாறு, உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று, நீங்கள் தங்கச்சிமடம், நான் மண்டபம், இரண்டு இடத்திலும் உப்புக்காற்றுதான் வில்லன். சுவரில் அழகாக மாட்டி வைத்த என் கிட்டாரின் கம்பி மூன்றே வாரத்தில் துருப்பிடித்தது, பிரிட்ஜ் திருகுகளும் இறுகிப்போயின. அதனால் ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி நுணுக்கமான டிரெமலோ (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி உள்ள பிரிட்ஜ்) வேண்டாம். வாசித்ததும் கம்பியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள்.