நாங்கள் சைவர்கள். மகனை யாழ்ப்பாணத்தில் ஓர் அங்கிலிக்கன் பள்ளியில் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகன் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் சமூகத்தோடு ஒன்றிவிடுவானா என்பது ஒன்று. படிப்பில் நடுத்தரமான பிள்ளையை அப்படிப்பட்ட பழைய, பெயர் பெற்ற பள்ளி கவனிக்குமா என்பது மற்றொன்று. நான் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியில் 1997 முதல் உயர்தரம் முடியும்வரை படித்தவன். சைவக் குடும்பம். படிப்பிலும் நடுத்தரத்துக்குக் கீழே இருந்தவன். இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் ஆம் என்பதே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுருக்கமாகப் பின்னணி. 1823இல் இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது அங்கிலிக்கன் சபையின், சேர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலைதான் பின்னர் சுண்டுக்குளிக்கு இடம்பெயர்ந்து, 1891இல் பரியோவான் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. பக்கத்திலேயே பரியோவான் தேவாலயம். அதே பிரதான வீதியில் 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி. யாழ்ப்பாணத்தில் "அங்கிலிக்கன் பள்ளிக்கூடம்" என்றால் பெரும்பாலானோர் மனத்தில் முதலில் வருபவை இந்த இரண்டும்தான். ஆனால் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் சைவர்கள். என் காலத்திலும் அப்படித்தான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமமே எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். சாவகச்சேரியில் உறவினர் வீட்டு விறாந்தையில் ஏழு மாதம். 1996இல் திரும்பி வந்தோம். நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்திருக்க வேண்டிய காலம் முழுவதும் அப்படியே கரைந்துபோனது. அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியாது. முதல் தவணையில் நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பதாம் இடம். அந்தத் தேர்ச்சி அறிக்கையை அம்மா சாமியறையில் படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதை யாருக்கும் காட்டவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

எட்டாம் வகுப்பு முடியும்போது நான் பதினேழாம் இடத்தில் இருந்தேன். பதினேழாம் இடத்துக்கு ஊரில் யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் ஒருநாள் வகுப்பாசிரியர் அழைத்து, பரிசளிப்பு விழாவுக்கு வெள்ளைக் காற்சட்டையும் சப்பாத்தும் துப்புரவாக வேண்டும் என்றார். "எனக்கா சேர்?" என்று கேட்டேன். "உமக்குத்தான். போன வருடத்தை விட அதிகம் முன்னேறியவருக்கு ஒரு பரிசு இருக்கிறது" என்றார்.

அந்தக் காலத்துப் பரிசளிப்பு விழாவை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இரவு ஊரடங்கு இருந்தது. அதனால் விழாவைப் பகலிலேயே முடித்து, தொலைவிலிருந்து வந்தவர்கள் பொழுதுபடுமுன் சைக்கிளில் வீடு சேர வேண்டும். நிலத்தால் கொழும்புக்குப் போக வழியில்லை. சாமான்கள் கப்பலில் வந்தன. ஆனாலும் மேடையில் பரிசுப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன, செவ்வண்ணமும் கருவண்ணமுமாகக் கல்லூரிக் கொடி கட்டப்பட்டிருந்தது. அதிபர் தன் ஆண்டறிக்கையை முழுவதுமாக வாசித்தார். பெறுபேறுகள், பல்கலைக்கழகம் சென்றவர்கள், சாரணர், சதுரங்கம், துடுப்பாட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அந்த ஆண்டில் இறந்துபோன பழைய மாணவர்கள், விடுதிக் கூரைக்கு ஓடு வாங்கித் தந்தவர்கள், எல்லாம். சிறு பிள்ளைகளான எங்களுக்கு அது நீண்டதாக இருந்தது. இப்போது நினைக்கும்போது அந்த அறிக்கையை அந்த ஆண்டுகளில் ஒருவர் நிமிர்ந்து நின்று வாசித்தார் என்பதே பெரிதாகத் தெரிகிறது. நகரம் சிதறிக் கிடந்தது. யார் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத வீடுகள் இருந்தன. அங்கே பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லும் ஓர் இடம் இருந்தது.

எனக்குக் கிடைத்தது ஒரு தமிழ் அகராதி. உள் அட்டையில் கல்லூரிச் சின்னத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் பெயர், வகுப்பு, அதற்குக் கீழே இன்னொருவரின் பெயரும் "ஞாபகார்த்தப் பரிசு" என்ற சொல்லும். அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதற் கேள்வி, "இவர் யார்?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. "ஒருவர் பெயரில் வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு அவர் யார் என்று தெரியாமல் இருக்கலாமா?" என்றார். மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டேன். அறுபதுகளில் படித்த மாணவர், பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது காய்ச்சலில் இறந்தவர், தாயார் இன்னும் அரியாலைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருக்கிறார் என்றார்.

அம்மா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். படலையைத் திறந்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். விடயத்தைச் சொன்னதும் புத்தகத்தை வாங்கி, தாளைத் தடவிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை. "தம்பி, என்ன எழுதியிருக்கிறது என்று வாசியும்" என்றார். வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "என் பிள்ளையும் முதலாம் பிள்ளை இல்லை. சின்ன வயதில் நன்றாகக் கஷ்டப்பட்டுத்தான் படித்தான். அதனால்தான் முதலாம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், ஏறி வருகிற பிள்ளைக்குக் கொடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தோம்."

நடுத்தரப் பிள்ளையைக் கவனிப்பார்களா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த ஆச்சியின் படலைதான். கவனிப்பதற்கென்றே ஒருவர் முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு பையனின் பொருட்டு நான் மேடை ஏறினேன்.

இப்படி ஞாபகார்த்தப் பரிசுகள் ஏராளமாக இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் பெரும்பாலான மிஷன் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. பரியோவான் அரசிடம் போகாமல் தனியார் பள்ளியாகவே நிற்கத் தீர்மானித்தது. ஆனால் அப்படி நின்ற பள்ளி மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணமும் இல்லை, அரசுப் பள்ளிக்குரிய ஆதரவும் இல்லை என்றால் ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வரும்? பழைய மாணவர்கள், பெற்றோர், திருச்சபை என்று எல்லோரும் தோள் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. வெளியே இருப்பவர்கள் இதைப் பழம்பெருமை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பள்ளியைத் தாங்குவதற்காக ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒன்றைக் கொடுத்துப் பழகிய பழக்கம்தான் அங்கே சமூக வாழ்வாக மாறியிருக்கிறது. இழப்புகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 1976 முதல் அதிபராக இருந்த சி. இ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் படித்த அண்ணன்மார் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரல் தாழ்ந்துவிடும். நான் அவரைக் கண்டதில்லை. ஆனாலும் "எங்கள் அதிபர்" என்றே எனக்கும் வாயில் வருகிறது.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வகுப்பு நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்திருப்பார்கள். தொம்சன், பீட்டோ போன்ற பழைய அதிபர்களின் பெயர்கள் இல்லங்களில் வாழ்கின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே மைதானத்தில் ஒரு வேலை நடக்கும். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இவ்வளவு தூரம் பாய வேண்டும், இத்தனை செக்கனுக்குள் ஓட வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவைத் தொட்டுவிட்ட ஒவ்வொரு பையனுக்கும் அவனது இல்லத்துக்கு ஒரு புள்ளி. முதலாவதாக வரத் தேவையில்லை, கோட்டைத் தாண்டினால் போதும். மூத்த மாணவர்கள் எங்களைப் போன்ற மெலிந்த பிள்ளைகளை மாலையில் பிடித்துக்கொண்டுபோய், ஓட்டத்தை எங்கே தொடங்க வேண்டும், எந்தக் காலை ஊன்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். மூன்றாம் நாள் மாலை நான் நீளம் பாய்தலில் அந்தக் கோட்டைத் தாண்டியபோது, இல்லத் தலைவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கினார். உயர்தரத்தில் நான் வாங்கிய பெறுபேற்றைவிட அந்த ஒரு புள்ளி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வடக்கின் பெரும் போர் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாழ் மத்திய கல்லூரிக்கும் எங்களுக்கும் 1904 முதல் நடந்துவரும் துடுப்பாட்டப் போட்டி. போர் காரணமாக இடையில் விடுபட்ட ஆண்டுகளும் உண்டு. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு, இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அண்ணன்மார் பலர் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். நரைத்த தலைகளோடு மத்திய கல்லூரி மைதானத்து ஓரத்தில் நின்று, பதினெட்டு வயதுப் பந்துவீச்சாளனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆர்ப்பரித்தார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று இருப்பதால் இந்தப் பகை மூன்று நாளைக்கு மேல் தாங்காது. 2024 மே மாதம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீச வந்தபோது, எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழு நள்ளிரவு தாண்டியும் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவன் அங்கே நிற்கிறான் என்றால் அது எங்கள் பிள்ளைதான்.

சமயம் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். காலைக் கூட்டத்தில் கிறிஸ்தவ வழிபாடு இருக்கும், பாட்டு இருக்கும். உங்கள் மகனும் சில பாட்டுகளை மனப்பாடம் செய்துவிடுவான், வீட்டில் முணுமுணுப்பான். சமய பாட வேளை வரும்போது கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு பக்கம் போவார்கள், நாங்கள் சைவநெறி படிக்கப் போவோம். சாதாரண தரத்தில் சைவநெறிப் பரீட்சைதான் எழுதினேன். என் நெற்றித் திருநீற்றை அழிக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. டிசம்பரில் ஒளிவிழா வந்தால் அம்மா நல்லூருக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, அதே திருநீற்றோடு வந்து முன் வாங்கில் அமர்ந்து கரோல் கேட்பார். "நல்ல பாட்டு, நல்ல ஒழுக்கம், வேறென்ன வேண்டும்?" என்பார். "ஒளி இருளிலே பிரகாசிக்கிறது" என்பது கல்லூரியின் குறிக்கோள் வாசகம். யோவான் சுவிசேஷத்து வரி. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் விளக்கு வைத்துவிட்டு மறுநாள் அந்த வரியைச் சுவரில் பார்த்த எனக்கு அது அந்நியமாகப் பட்டதே இல்லை.

ஒரு விடயம் மட்டும் எனக்குக் கவலை தருகிறது. இது எந்தத் தனிப் பள்ளியையும் பற்றியது அல்ல, ஊர் முழுவதையும் பற்றியது. பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாள் சந்திகளில் எழும் பதாகைகளைப் பார்க்கிறேன். மூன்று 'ஏ' எடுத்தவர்களின் முகங்கள் மட்டும் அவற்றில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பாராட்டுக்கு உரியவர்கள்தான், அவர்கள் விழித்திருந்த இரவுகள் உண்மையானவை. ஆனால் பதாகையில் முப்பத்தொன்பதிலிருந்து பதினேழுக்கு வந்தவனுக்கு இடமில்லை. கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி எடுத்தவனுக்கும் இடமில்லை. பெற்றோரும் இப்போது பள்ளிக்கூடத்தைப் பதாகையை வைத்தே அளக்கிறார்கள். பள்ளிகளும் அந்த அளவுகோலுக்குப் பணிந்துவிட்டால் அந்த ஆச்சி எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு என்ன பொருள்?

ஆகவே எந்தப் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் எத்தனை பேர் மருத்துவ பீடம் போனார்கள் என்று கேட்காதீர்கள், அதை அவர்களே சொல்வார்கள். கடந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவின் நிகழ்ச்சி நிரல் புத்தகம் ஒன்று கேட்டு வாங்குங்கள். பின் பக்கங்களில் ஞாபகார்த்தப் பரிசுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் யார் பெயரில், எதற்காக வைக்கப்பட்டது என்று நிதானமாக வாசியுங்கள். முதலாம் இடம் எடுக்காத பிள்ளைக்கு என்று எத்தனை பரிசுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அன்று உங்கள் மகனும் கூட வந்திருந்தால், அந்தப் பெயர்களை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.