கடற்பாசி மிதவைகளின் எடையில் ஊர் வேரியன்ஸ் மைனஸில் வருகிறதே, கணக்கு தப்பா?

நீங்கள் தந்த விவரம்: மண்டபம், பாம்பன் பக்கம் 5 ஊர், ஊருக்கு 4 மூங்கில் மிதவை, 45 நாளில் அறுத்த ஈரப்பாசியின் எடை. ஊர்களுக்கிடையே வர்க்கக் கூடுதல் (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டியது) 480, ஊருக்குள் 2700. ஊர் வேரியன்ஸ், அதாவது ஊருக்கு ஊர் எடை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு, −15.

கணக்கு சரிதான். 20 எடைகளையும் 20 பரிமாண வெளியில் ஒரே அம்பாக நினையுங்கள். அதன் நிழல் மூன்று இடத்தில் விழுகிறது: மொத்தச் சராசரிக்கு 1 பரிமாணம், ஊர்ச் சராசரிகளின் விலகலுக்கு 4, ஊருக்குள் மிதவைகளின் விலகலுக்கு 15. மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால்தான் பைதாகரஸ்படி வர்க்கங்கள் கூடுகின்றன.

15 பரிமாணப் பகுதியில் ஒரு திசைக்கு எதிர்பார்க்கும் வர்க்க நீளம், மிதவை வேரியன்ஸ் மட்டுமே: 2700/15 = 180. ஊர்ப் பகுதியில் அதோடு 4 மடங்கு ஊர் வேரியன்ஸும் சேரும், ஊரின் விளைவு நான்கு மிதவையிலும் ஒன்றாகவே ஏறுவதால். அங்கே கிடைத்தது 480/4 = 120. கழித்து 4-ஆல் வகுத்தால் −15. ஊர் நிழல் தற்செயலாகக் குட்டையாக விழுந்திருக்கிறது, அவ்வளவே. உண்மையான ஊர் வேரியன்ஸ் சுழியமாக இருந்தால், இந்த அமைப்பில் பாதிக்கும் மேற்பட்ட தடவை மைனஸ்தான் வரும். நான்கே திசைகளின் சராசரிக்கு, இயல்நிலைப் பரவலில், திட்டப்பிழை (தற்செயலால் ஆடும் அளவு) எதிர்பார்க்கும் மதிப்பில் ஏறக்குறைய 71 சதவீதம்! ரெம்ல் (REML, வேரியன்ஸை மைனஸாக விடாமல் மதிப்பிடும் முறை) முறையில் ஓட்டினால் 0 என்று காட்டும். அது விளிம்பில் போய் முட்டிய விடை.

ஒரு ஊரில் கயிறு அறுந்து 2 மிதவை போய்விட்டால் 4-க்குப் பதில் (18 − 68/18)/4, அதாவது 3.56-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் அப்போது ஊர்ப் பகுதியின் திசைகளுக்கு ஒரே அளவு வேரியன்ஸ் கிடையாது. உருண்டையாக இருந்தது நசுங்கிவிடும். எந்தத் திசைக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவது என்பதற்குத்தான் புள்ளியியலாளர் சி. ஆர். ராவின் மின்க்யூ (MINQUE) முறை. அதையே விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தால், விடை விளிம்பைத் தொடாதவரை, ரெம்ல் வந்துவிடும்.

இன்னொன்று. 5 ஊரில் சில வடகடல் (பாக் நீரிணை), சில தென்கடல் (மன்னார் வளைகுடா) என்றால் அந்த வேறுபாட்டை நிலையான காரணியாகப் பிரித்தெடுங்கள். கலந்து விட்டால் ஊர் நிழல் பொய்யாக நீளும். பிரித்தால் ஊருக்கு 3 பரிமாணமே மிஞ்சும் என்பதும் உண்மைதான். அடுத்த சுற்றில் 10 ஊர், ஊருக்கு 2 மிதவை போடுங்கள்: எடை போடும் வேலை அதே 20, ஊர்ப் பகுதிக்கு 9 பரிமாணம்.