கதவைத் திறந்தது யார்? பள்ளியில் தந்த நாவலை மகளோடு சேர்ந்து படிப்பது எப்படி

கேள்வி: கோவையிலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் எழுதிய 'தி விட்ச் ஆஃப் பிளாக்பேர்ட் பாண்ட்' என்ற சரித்திர நாவலைப் பள்ளியில் கொடுத்து, புதிதாக வருகிறவர்களை ஓர் ஊர் எப்படி வெறுக்கிறது, எப்படி வரவேற்கிறது என்று ஒரு மாதத்துக்குள் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பக்கம் படித்துவிட்டு 'போரடிக்குதும்மா' என்று மூடிவைத்துவிட்டாள். எனக்கு ஆங்கில நாவல் படித்துப் பழக்கமில்லை. நான் எப்படி உதவ முடியும்? கதையில் வருவதெல்லாம் உண்மையா? இவளும் இங்கே புதியவள்தானே, அதையே எழுதச் சொல்லலாமா?

பதில்: முதலில் நாள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நாவலில் 21 அத்தியாயங்கள். ராத்திரிக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், எழுத ஒரு வாரம் மிஞ்சும். முதல் மூன்று அத்தியாயங்களை அவள் வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடித்ததும் என்ன நடந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராதது இங்கே ஒரு வசதி. அம்மாவுக்குப் புரியும்படி கதை சொல்ல வேண்டும் என்றால், அவள் ஒரு வரியையும் சும்மா தாண்டிப் போக முடியாது.

கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1687 ஏப்ரல். பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்ட முதலாளியான தாத்தாவிடம் செல்லமாக வளர்ந்த 16 வயதுப் பெண் கிட் டைலர். தாத்தா இறந்ததும் சொத்தெல்லாம் கடனுக்குப் போய்விடுகிறது. ஒரு கடிதம்கூட எழுதாமல் கப்பலேறி, கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள வெதர்ஸ்ஃபீல்டுக்கு, பார்த்தே இராத சித்தி ரேச்சல் வீட்டுக்கு வந்து இறங்குகிறாள். கூடவே பட்டுடைகள் நிறைந்த ஏழு பெட்டிகள். ஊரோ கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவப் பிரிவான பியூரிட்டன்களின் ஊர். வேலை, ஜெபம், அடக்கம் மூன்றும்தான் அங்கே வாழ்க்கை. இந்தப் பெண்ணைப் பார்த்து ஊர் மிரள்கிறது. புல்வெளி ஓரத்தில் குளக்கரையில் தனியாக வாழும் ஹன்னா டப்பர் என்ற மூதாட்டியோடு (பியூரிட்டன்கள் வெறுத்த குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள்) அவள் பழகுவது தெரிந்ததும் சூனியக்காரி என்ற பழி விழுகிறது.

மகள் மூடிவைத்த இடத்துக்கு வருவோம். முதல் அத்தியாயத்தில் ஒரு பொம்மை விழுகிறது. கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் படகில் ப்ரூடன்ஸ் என்ற சின்னப் பெண்ணின் மரப்பொம்மை தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அம்மா பிள்ளையை அறைகிறாள். படகைத் திருப்ப யாரும் தயாராயில்லை. கிட் காலணியைக் கழற்றிவிட்டுக் குதித்து, நீந்திப் போய் பொம்மையை எடுத்துவருகிறாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை, தீவில் வளர்ந்த பெண். நன்றி வரும் என்று நிமிர்ந்து பார்த்தால் படகு முழுக்க உறைந்த முகங்கள். தண்ணீர் ஏற்காமல் மிதக்கிறவள் சூனியக்காரி என்பது அக்கால நம்பிக்கை. பெண் நீந்துவதை அவர்கள் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அந்தப் படகில் நீ இருந்திருந்தா என்ன நினைச்சிருப்பே?' அவள் சொல்லும் பதில் எதுவானாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முதல் பத்தி அங்கிருந்துதான் வரும்.

பள்ளிக் கட்டுரைகளை வருடக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். பத்தில் எட்டுப் பிள்ளைகள் 'தப்பெண்ணம் கெட்டது, எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். நாவலைத் திறக்காமலே இதை எழுதலாம். தப்பெண்ணம் எப்படி வளர்கிறது என்று காட்டினால்தான் கட்டுரைக்கு உயிர் வரும். அதற்கு ஒரு நோட்டில் நடுவே கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் ஊர் சொன்னது. பொம்மைக்காக நீந்தினாள், சூனியம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது பைபிள் கதையை நடித்துக் காட்டச் சொன்னாள், தெய்வநிந்தை. ஹன்னா வீட்டுக்குப் போனாள், சூனியக்காரியோடு கூட்டு. படிக்கவே லாயக்கில்லை என்று அம்மா ஒதுக்கிவைத்த ப்ரூடன்ஸுக்கு ரகசியமாக எழுத்து சொல்லிக்கொடுத்தாள், பிள்ளையை மயக்கிவிட்டாள். ஊரில் காய்ச்சல் பரவிப் பிள்ளைகள் செத்ததும், தனித்தனியாகக் கிடந்த இதெல்லாம் ஒன்றுசேர்ந்து குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. பயம் வந்த பிறகு பழைய சம்பவங்களுக்குப் புது அர்த்தம் கிடைப்பதை அவள் அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் கண்ணால் பார்ப்பாள்.

அந்தப் பைபிள் கதை எது என்று கேளுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் ஆட்கள் தாண்டிப் போய்விட, அந்நியனான சமாரியன் தூக்கிக் காப்பாற்றும் கதை. அதை நடித்ததற்காகத்தான் வகுப்பே நின்றுபோகிறது! அழுதுகொண்டு புல்வெளிக்கு ஓடும் கிட்டைத் தேற்றுவதும் ஊர் ஒதுக்கிய ஒரு கிழவிதான். நாவலாசிரியர் இதைச் சொல்லிக் காட்டவில்லை, கோத்து வைத்திருக்கிறார்.

அடுத்தது வரவேற்பு. இங்கே உங்கள் மகளுக்குத் தமிழ் கைகொடுக்கும். விருந்து என்ற சொல்லின் பழைய பொருளே புதுமை. நம் பழைய இலக்கியத்தில் விருந்தினர் என்றால் முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கும் புதியவர். நாம் இன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவதை விருந்து என்கிறோம். அந்தப் பழைய பொருளை அவளிடம் சொல்லிவிட்டு, இந்த நாவலில் யார் கதவைத் திறந்தார்கள், திறந்ததற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்கத் தொடங்கினால் சித்தப்பா மேத்யூ வுட் மீது பார்வை மாறும். வந்த பெண்ணிடம் அவர் ஒரு முறைகூடச் சிரிப்பதில்லை. அவள் சித்தி மகளுக்கு ஆசையாகக் கொடுத்த பட்டுடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அதட்டுகிறார். முதல் பாதியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் ஹன்னாவைப் பிடிக்க ஆட்கள் திரண்டு வாசலுக்கு வரும்போது அதில் சேர மறுப்பவர் அவர். கிட்டைக் கைதுசெய்ய வரும்போதும், மறுநாள் விசாரணையிலும் அவள் பக்கம் நிற்பவரும் அவர்தான். இன்னொரு பக்கம் பணக்கார வாலிபன் வில்லியம் ஆஷ்பி. மரியாதையாக வந்து பேசுகிறான், அவளை மணக்க எண்ணி வீடும் கட்டுகிறான். அவள் அடைபட்டுக் கிடக்கும்போது அவன் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குள் வரக்கூடாது என்று துரத்தப்பட்ட கப்பல்காரப் பையன் நேட் ஈட்டன்தான் துணிந்து வந்து ப்ரூடன்ஸைச் சாட்சியாக நிறுத்துகிறான். சிடுசிடுத்தவர் காப்பாற்றினார், இனிக்கப் பேசியவன் காணாமல் போனான். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இது. கட்டுரையில் ஒரே ஒரு வாதம் வைக்க இடமிருந்தால் இதையே வைக்கச் சொல்வேன்.

ஹன்னா பேசும் இடங்களில் 'தீ' (thee) என்றொரு சொல் திரும்பத் திரும்ப வரும். பழைய ஆங்கிலத்தில் அது 'நீ' மாதிரி. அந்தக் காலத்தில் பெரியவர்களை, பதவியில் இருப்பவர்களை 'நீங்கள்' என்பதுபோல 'யூ' என்றுதான் அழைக்க வேண்டும். கடவுள் முன் எல்லோரும் ஒன்று என்று நம்பிய குவேக்கர்கள் நீதிபதியையும் 'நீ' என்றார்கள், தொப்பியைக் கழற்றி மரியாதை காட்டவும் மறுத்தார்கள். இன்றைய ஆங்கிலத்தில் இந்த வித்தியாசமே இல்லாததால் மற்றப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத்தான் வேண்டியிருக்கும். கலெக்டரைப் பார்த்து 'நீ வா' என்றால் ஆபீஸ் என்ன ஆகும் என்று உங்கள் மகளுக்கு உடனே விளங்கும். குவேக்கர்கள் மீது ஏன் அத்தனை ஆத்திரம் என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி மதம். பக்கத்து மாசசூசெட்ஸில் 1659க்கும் 1661க்கும் நடுவே நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் மேரி டயர் என்ற பெண்ணும் ஒருவர். ஹன்னா நெற்றியில் சூட்டுத்தழும்போடு அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவள்.

உண்மையா என்று கேட்டீர்கள். கிட், ஹன்னா, வுட் குடும்பம் கற்பனை. சுற்றியிருப்பது நிஜம். வெதர்ஸ்ஃபீல்ட் உங்கள் மாநிலத்திலேயே, ஹார்ட்ஃபோர்டுக்குத் தெற்கே ஒட்டி இருக்கிறது. ஸ்பியரும் அந்த ஊரில் வாழ்ந்தவர்தான். நாவல் 1958இல் வந்து, 1959இல் அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது பெற்றது. கனெக்டிகட்டின் சுயாட்சிப் பட்டயத்தைப் பறிக்க இங்கிலாந்து அரசரின் ஆளுநர் ஆண்ட்ரோஸ் 1687 அக்டோபரில் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்ததும் நடந்ததுதான். பட்டயத்தை ஓக் மரப் பொந்தில் ஒளித்துவைத்தார்கள் என்பார்கள். அரசரின் விசுவாசியான தாத்தாவின் பேத்தியை மேத்யூ கடுகடுப்பாகப் பார்ப்பதற்கு இந்த அரசியலும் ஒரு காரணம்.

சூனிய வழக்குகள் என்றால் எல்லோரும் மாசசூசெட்ஸில் சேலம் (Salem) என்ற ஊரில் 1692இல் நடந்ததைச் சொல்வார்கள். கனெக்டிகட்டில் அதற்கு 45 வருடம் முன்பே, 1647இல், ஆல்ஸ் யங் என்ற பெண்ணை ஹார்ட்ஃபோர்டில் தூக்கிலிட்டார்கள். 1663க்குள் இப்படித் தூக்கிலிடப்பட்டவர்கள் 11 பேர். வெதர்ஸ்ஃபீல்டிலேயே கேத்தரின் ஹாரிசன் என்ற விதவை மீது அண்டைவீட்டார் வழக்குப் போட்டு, 1669இல் ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதிகள் தயங்கிப் போதகர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்களில் கெர்ஷம் பல்க்லி என்பவர் எழுதிக் கொடுத்த பதில் சாட்சியத்துக்கான விதியை இறுக்கியது: ஒரே செயலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். கேத்தரின் ஹாரிசன் உயிர் தப்பியது அதனால்தான், ஆனால் 1670இல் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். நியூயார்க் பக்கம் வெஸ்ட்செஸ்டருக்குப் போனால், அங்கே இருந்தவர்களும் இவரை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று மனுப் போட்டார்கள். இதே பல்க்லி நாவலிலும் பாத்திரமாக வருகிறார். கிட்டின் முழுப்பெயரும் கேத்தரின். இந்த வழக்கைக் கட்டுரையில் நாலு வரி எழுதினால் டீச்சர் நிமிர்ந்து உட்காருவார். தூக்கிலிடப்பட்ட 11 பேர் உட்பட, சூனிய வழக்குகளில் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் குற்றமற்றவர்கள் என்று மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 2023 மே மாதத்தில்தான்.

இன்னும் ஒன்று. இதைப் பல ஆசிரியர்கள் தொடமாட்டார்கள், எனக்கு அது வருத்தம். கிட் கப்பல் கட்டணத்துக்குப் பணம் திரட்டியது எப்படி? சின்ன வயதிலிருந்து நிழலாகக் கூடவே இருந்த ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணை விற்று. நாவல் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறது. வெதர்ஸ்ஃபீல்டுக்கும் ஆங்கிலேயர்கள் 1634இல் வந்து சேர்ந்த புதியவர்களே. அதற்கு முன் அது வாங்குங்க் பழங்குடியினர் வாழ்ந்த பைகுவாக் என்ற இடம். வாசலில் நிற்பவளை நாம் பரிதாபமாகப் பார்க்கும்போது, விற்கப்பட்ட பெண்ணும் இடம் இழந்தவர்களும் கதைக்கு வெளியே நிற்கிறார்கள். உங்கள் மகள் இதை ஒரு பத்தியாக எழுதினால் நாவலைக் குறைசொன்னதாக ஆகாது. நன்றாகப் படித்திருக்கிறாள் என்றே ஆகும். கிட்டிடமும் தப்பெண்ணம் உண்டு என்று காட்டவும் அது உதவும். வெங்காயப் பாத்தியில் களையெடுப்பது அடிமைகளின் வேலை என்று நினைப்பவள் அவள். ஹன்னாவை முதலில் பார்த்ததும் சூனியக்காரியோ என்று நடுங்குபவளும் அவள்தான்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை வெதர்ஸ்ஃபீல்டுக்கு அழைத்துப் போங்கள். 'கோவ்' என்கிற நீர்நிலையோரம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பழைய சரக்குக் கிடங்கு இன்னும் நிற்கிறது, நாவலில் வரும் பெரிய புல்வெளியும் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. புத்தகம் போரடிக்கிறது என்ற பேச்சு அங்கே நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அவளுடைய சொந்த அனுபவம். எழுதச் சொல்லலாமா என்றால், சொல்ல வேண்டாம். கேட்டால் எழுத அனுமதியுங்கள். கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது யாரோ மூக்கைப் பிடித்தார்களோ, யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்களோ, நமக்குத் தெரியாது. வகுப்பு முன் வாசிக்க வேண்டிய கட்டுரையில் அது வரலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். நாவல் முடிகிற வாரம், படகில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாய் என்று முதல் ராத்திரி கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைத் திரும்ப அவளிடம் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு ஏதாவது எழுத உட்கார்ந்தால், முதல் படி தமிழில் வந்தாலும் தடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் மாற்றி எழுத ஒரு வாரம் இருக்கிறது.