யார் பெயரில் சுற்றுகிறாள்?

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் திருநெல்வேலி டவுனில் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தம்பி போன மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டான். வயது 36. அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் என் அம்மாவோடு இருக்கிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குக் கண் சரியில்லை, நாலைந்து வருஷமாகப் பீடி சுற்ற முடியவில்லை. தம்பி மனைவிதான் சுற்றுகிறாள். அம்மா பாஸ்புக்கிலேயே கணக்கு ஏறுவதால் வாராவாரம் ஏதோ கைக்கு வந்துவிடுகிறது. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், மாதம் பிறந்தால் கையைப் பிசைகிறேன். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவும் டிரஸ்ட், சேவை அமைப்புகள் நம் பக்கம் இருந்தால் முகவரி தர வேண்டுகிறேன்.

பெயர் வேண்டாம், முக்கூடல் வட்டாரம்

பதில்:

தம்பி, டிரஸ்ட் முகவரி கேட்டு எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு பரண் நிறையும். துக்கம் விசாரித்துவிட்டு, நாலு முகவரியும் எழுதி, காலம் ஆற்றும் என்று முடித்துவிடலாம். உங்கள் விஷயத்தில் கை வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் காரணம். 'அம்மா பாஸ்புக்கிலேயே கணக்கு ஏறுவதால்.'

நாலைந்து வருஷமாக உங்கள் அம்மா ஒரு பீடிகூடச் சுற்றவில்லை. ஆனால் பீடிக்கடை பாஸ்புக்கிலும் பேரேட்டிலும் வாரம் தவறாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இலையை ஊறவைத்து, வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி. பேர் இன்னொருத்தருக்கு. இதை நீங்கள் ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள்! 'ஏதோ கைக்கு வந்துவிடுகிறது' என்று ஆறுதல் வேறு.

கைக்கு வருவதைப் பார்த்தீர்கள். கைக்கு வராமல் போவதைப் பார்த்தீர்களா? பீடித் தொழிலுக்கு 1977-லிருந்து பி.எஃப். உண்டு. கூலியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் பிடிக்கிறார்கள், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். பிடிப்பது உங்கள் தம்பி மனைவியின் விரல் உழைப்பில். சேர்வது உங்கள் அம்மா கணக்கில். போனஸும் அப்படித்தான், நாளைக்கு வேலையை விட்டு நின்றால் வரவேண்டிய பணிக்கொடையும் அப்படித்தான். நாலைந்து வருஷத்துக்கு இது என்ன தொகை என்று கடையில் பாத்திரம் நிறுத்துப் போடும் உங்களுக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு மதினி இருந்தாள். கல்யாணமாகி வந்த மறுமாசமே மாமியார் கணக்கில் சுற்ற உட்கார்த்திவிட்டார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்த்து மாமியார் பெயரைக் கூப்பிடுவார். இவள் 'இந்தா இருக்கேன்' என்று போய் நிற்க வேண்டும். முதலில் சிரிப்பாக இருந்ததாம். பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, திரும்பாமல் போய்விட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், அப்போதும் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்திலும் பாருங்கள், அவள் 'தம்பி மனைவி'தான். அவள் பெயரில் கணக்கு இல்லாததால் என்னென்ன இல்லை என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பீடித் தொழிலாளி என்கிற அடையாள அட்டை அவளுக்கு இல்லை. அந்த அட்டை இருந்தால் முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் அவள் தன் பேரிலேயே சீட்டு வாங்கலாம். பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 1,000-லிருந்து 25,000 வரை. ஆனால் அது அம்மாவோ அப்பாவோ பீடித் தொழிலாளியாக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். ஆச்சி பெயரில் இருக்கும் கணக்கு பேத்திக்கு உதவாது. ஒன்பதாவது படிக்கிற அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வருஷமும் இது கைநழுவிப் போகிறது. நீங்கள் வெளியே டிரஸ்ட் தேடுகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால்கூட, வேலையில் இருக்கும்போது அந்த ஆள் இறந்துபோனால் பிள்ளைகளுக்குப் பென்ஷன் உண்டு, 25 வயது வரை. அப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு ஒன்று என்றால் நாலைந்து வருஷம் அவள் சுற்றிய பீடிக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பைசா கிடையாது. ஏனென்றால் அவள் சுற்றவே இல்லை. பேரேடு அப்படித்தான் சொல்கிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவின் பி.எஃப். கணக்குக்கு நாமினி யார்?

உங்கள் பெயராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லை, இறந்த தம்பி பெயர் இன்னும் அப்படியே கிடக்கிறதோ என்னவோ. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது, உங்கள் அம்மாவே அந்தக் காலத்தில் யார் பெயரில் சுற்றினார்களோ. அதற்காக இது சரியாகிவிடாது. பி.எஃப். சட்டத்தில் 'குடும்பம்' என்றால் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெண் உறுப்பினர் என்றால் கணவன், பிள்ளைகள் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'இறந்த மகனின் விதவையும் பிள்ளைகளும்' என்று இருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவனுக்கு உங்கள் தம்பி மனைவி உங்கள் அம்மாவின் குடும்பம் என்று தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டு மூத்த பிள்ளை அவளை 'உதவி தேவைப்படும் குடும்பம்' என்று எழுதுகிறார்.

ஆகவே முதல் உதவியை உங்கள் வீட்டிலேயே தேடுங்கள். அம்மாவை உட்கார வைத்து, நடந்துபோன வருஷங்களின் பணம் யாருடையது என்று பேசுங்கள். நாமினியாக அவளையும் பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள், அல்லது கணக்கை முடித்து அவள் சுற்றிய காலத்துப் பணத்தை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அதைத் தாங்கத்தான் மூத்த பிள்ளை. பிறகு பீடிக்கடைக்குப் போய், இன்றிலிருந்து அவள் பெயரில் புது பாஸ்புக் போடச் சொல்லுங்கள். அவளைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூட நில்லுங்கள். 'ஆள் எடுக்கிறதில்லை' என்பார்கள், 'பழைய கணக்கே ஓடட்டுமே அண்ணாச்சி' என்பார்கள். பீடித் தொழிலாளர் சங்கம் நம் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் ஆய்வாளரிடம் மனு கொடுங்கள். பி.எஃப். அலுவலகம் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் முகாம் போடுகிறது, அங்கேயும் கேட்கலாம். வக்கீல் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாகத் தருவார்கள். 15100 என்று போன் செய்தால் போதும்.

அரசாங்கம் தருவதைப் பற்றி இனி. தம்பி இறந்து இத்தனை மாதமாகியும் நீங்கள் வாரிசுச் சான்றிதழ் பற்றி ஒரு சொல் எழுதவில்லை, விதவை ஓய்வூதியம் பற்றி எழுதவில்லை. இரண்டும் வாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகத்தோடு இ-சேவை மையத்துக்குப் போனால் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனு போட்டுவிடலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். 2023 ஆகஸ்டில் அந்தத் தொகையை 1,200 ஆக்கினார்கள். ரேஷன் கார்டில் அவள் இன்னும் அம்மாவோடு ஒரே அட்டையில் இருந்தால் 'ஆதரவு இருக்கிறதே' என்று விசாரணையில் கேள்வி வரும். தனிச் சமையல் என்றால் தனி அட்டை கேளுங்கள். கார்டைப் பிரித்தால் குடும்பம் பிரிந்ததாக ஊர் பேசுமே என்பீர்கள். பேசட்டும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள வீட்டில் 18-லிருந்து 59 வயதுக்குள் சம்பாதிக்கிற ஆள் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய் உண்டு, அதையும் தாலுகா ஆபீஸில் கேளுங்கள். தம்பி கட்டட வேலை பார்த்தவன். நல வாரிய அட்டை வைத்திருந்தானா? அவன் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா? அட்டை இருந்தால் இயற்கை மரணத்துக்கும் வாரியம் பணம் தரும், பிள்ளைகள் படிப்புக்கும் தரும். நாள் ஆக ஆகக் கேள்விகள்தான் கூடும்.

பலருக்கும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. கணவனை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் என்றால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, நிதி இருக்கிற அளவுக்குத்தான். ஆனால் மனு கொடுக்காதவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. எங்கே போனாலும் மனு நகர மாட்டேன் என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனுநாள் இருக்கிறது. டவுனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். 'கடையில் லீவு தர மாட்டார்கள்' என்று எனக்கு மறுபடி எழுதாதீர்கள். தம்பியின் பதினாறாம் நாளுக்கு லீவு கொடுத்த முதலாளி இதற்கும் கொடுப்பார், கேட்கிற விதத்தில் கேட்டால்.

நீங்கள் கேட்ட டிரஸ்டுகளும் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டை சர்ச்சுகளைக் கேட்டாலும், மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களைக் கேட்டாலும், உங்கள் சாதிச் சங்கத்தைக் கேட்டாலும் ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், தீபாவளிக்குச் சேலை என்று ஏதாவது தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேடையில் போட்டோவுக்கு நிற்கப் போவது அவள். உழைத்த காசு வேறொருவர் கணக்கில் கிடக்க, ஒரு நோட்டுக்காக அவள் அங்கே நிற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்குக் கண் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நாலைந்து வருஷமாக. புரையாக இருந்தால் ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் ஆபரேஷன் செய்து அனுப்பிவிடுவார்கள். இதே வாரம் கூட்டிப் போங்கள். துணைக்குத் தம்பி மனைவியை அனுப்பிவிடாதீர்கள், அன்றைக்குச் சுற்று நின்றுவிடும். நீங்களே போங்கள்.