சொந்தத் திசுவை வைத்தே இதய வால்வைச் சரிசெய்ய முடியுமா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் உங்கள் தம்பிக்கு 30 வயதிலேயே அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு) கெட்டுவிட்டது, அவர் உடம்பிலிருந்தே திசு எடுத்து வால்வு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். இதயத்தைச் சுற்றி பெரிகார்டியம் என்ற மெல்லிய உறை இருக்கிறது. நெஞ்சைத் திறந்ததும் அதில் ஒரு துண்டை வெட்டி, கொழுப்பைச் சுரண்டிவிட்டு, குளூட்டரால்டிஹைடு கரைசலில் 10 நிமிடம் ஊறப்போடுவார்கள். தொளதொளவென்று இருந்தது சற்று விறைத்து, தைக்க வாகாக வரும். பிறகு வால்வில் கதவு மாதிரி திறந்து மூடும் கெட்ட இதழ்களை அகற்றி, இடத்தை அளந்து, தையற்காரர் மாதிரி அச்சு வைத்து மூன்று புது இதழ்கள் வெட்டித் தைப்பார்கள். ஜப்பானிய சர்ஜன் ஒசாகி 2007-ல் தொடங்கிய முறை இது.

உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க விடாமல் ஐ.என்.ஆர். பரிசோதனை. (லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு, அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்பது சின்ன விஷயமா?) சொந்தத் திசு வால்வில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்த இதழ்களும் நாளடைவில் கால்சியம் படிந்து கெடலாம். எல்லா சர்ஜனுக்கும் கைவந்த வேலையுமல்ல. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள அவருடைய சொந்த வால்வையே எடுத்து அயோர்ட்டிக் இடத்தில் வைக்கும் ராஸ் முறை தம்பிக்குப் பொருந்துமா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.