இறங்கியதும் மரப்பு போகிறதா?

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் சீட் உறுத்துகிறது, தொடை இடுக்கில் கட்டி, மூலம் வருமா, புராஸ்டேட் புற்றுநோய் வருமா, இரண்டு மாதமாக இடுப்பு வலி, எந்த சீட் வாங்கலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: “ஆபீஸ் போய்ச் சேரும்போது கீழே மரத்துப் போயிருக்கிறது டாக்டர், இதனால் இல்லற வாழ்க்கை பாதிக்குமா? வயது 43.” இந்த ஒரு வரியை எழுதத்தான் மற்ற நான்கு பக்கமும் தேவைப்பட்டிருக்கிறது. சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாதிக்காது. போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது கிலோமீட்டர் மிதிக்கிறவருக்கு அதனால் ஆண்மை போய்விடாது. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் சைக்கிள்காரர்களிடம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக நேரம் ஓட்டுகிறவர்களுக்கு விறைப்புக் குறைபாடோ குழந்தையின்மையோ கூடுதலாக இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்டு 2018-இல் வந்த ஆய்விலும் தாம்பத்தியத்தில் குறை தெரியவில்லை. மரப்பு மட்டும் சைக்கிள்காரர்களிடம் அதிகம் இருந்தது. நீங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்த வீடியோ இதில் எதையும் சொல்லியிருக்காது. இந்தப் பயமும் புதிதல்ல. குதிரைமேலேயே வாழ்ந்த சிதியர்களுக்கு ஆண்மைக் குறைவு வருவது சவாரியால்தான் என்று ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதற்காக மரப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும்போது உங்கள் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள். உள்ளங்கையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள், எலும்பு குத்தும். அந்த இரண்டுக்கும் நடுவே, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மெத்தென்ற பகுதி வழியாகத்தான் பிறப்புறுப்புக்கான நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. எடை எலும்பில் இறங்கினால் எந்தத் தொல்லையும் இல்லை. நடுவில் இறங்கினால் நரம்பு நசுங்கும், மரத்துப் போகும். சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரக்கிற மாதிரிதான்.

இப்போது அந்த ஜெல் கவர். மெத்தென்று இருக்கட்டும் என்று ஆன்லைனில் வாங்கி மாட்டிய பிறகுதான் மரப்பு அதிகமானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகத்தான் செய்யும். மெத்தையில் எலும்பு இரண்டும் அமுங்கி உள்ளே போக, நடுவில் இருக்கும் ஜெல் பிதுங்கி மேலே எழுந்து எந்த இடத்தைத் தொடக்கூடாதோ அந்த இடத்தை அழுத்துகிறது. கழற்றிவிடுங்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மரப்பு வருகிறதா என்பதைவிட, இறங்கியதும் போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு மாடிப்படி ஏறி நாற்காலிக்குப் போவதற்குள் உணர்வு திரும்பிவிட்டால் கோளாறு சீட்டில். மதியச் சாப்பாட்டு வேளை வரைக்கும் மரப்பு நின்றால், அல்லது சைக்கிள் தொடாத ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால், சீட் கடைக்குப் போக வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம், மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய இடுப்பு வலி. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்புக் கொத்தை மொத்தமாக அழுத்தினாலும் இதே இடம்தான் மரக்கும். சீட்டில் படுகிற பகுதி அப்படியே மரப்பதால் இதற்கு எங்கள் பாடத்தில் ‘சேடில் அனஸ்தீசியா’ என்றே பெயர். சைக்கிளே ஓட்டத் தெரியாதவருக்கும் வரும். மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லை, சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது போவது தெரியாமல் போகிறது, வலி இரண்டு காலிலும் இறங்குகிறது, பாதம் தளர்கிறது என்று இவற்றில் எது இடுப்பு வலியோடு சேர்ந்து வந்தாலும் அன்று ராத்திரியே அவசரப் பிரிவு. விடியட்டும், தைலம் தேய்த்துப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் உடனே அறுவை சிகிச்சை செய்வார்கள். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு அப்படி இல்லை. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

சரி, சீட். விலையையும் பார்க்க வேண்டாம், கட்டை விரலால் அமுக்கியும் பார்க்க வேண்டாம், அகலத்தைப் பாருங்கள். வீட்டில் டிவியோ மிக்சியோ வந்த அட்டைப்பெட்டி இருக்கும். நெளி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான மர ஸ்டூலில் போட்டு, லுங்கியோடு அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி ஒரு நிமிடம் எடையை இறக்குங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தால் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு சென்டிமீட்டருக்குள் வரும். அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஏறக்குறைய நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு சீட்டின் பின்பக்கம் அவ்வளவு அகலம் வேண்டும். உங்கள் கியர் சைக்கிளோடு வந்த ஒடுங்கிய சீட், குனிந்து பறக்கிறவர்களுக்கானது. டிபன் கேரியர் மாட்டிக்கொண்டு சிக்னல் சிக்னலாக நிற்கிறவருக்கு அது எதற்கு? நடுவில் பள்ளமோ பிளவோ உள்ள சீட் சிலருக்குச் சுகம், சிலருக்கு அந்தப் பள்ளத்தின் ஓரமே உறுத்தும். கடையில் மாட்டச் சொல்லி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெண்களுக்கு எலும்பின் இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் அதிகம், மரப்பு அவர்களுக்கும் வரும். உங்கள் சீட்டையே மனைவிக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

முன்மூக்கே இல்லாத சீட்டும் உண்டு. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புக்கான அரசு ஆய்வு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்துப் பார்த்தது. 2008-இல் வந்த அந்த முடிவில், மரப்பே இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 27 பேரிலிருந்து 82 பேராக உயர்ந்திருந்தார்கள். ஆனால் தொடையால் அணைத்துத் திருப்ப மூக்கு இல்லாததால் பழக நாளாகும். நம் ஊர் டிராஃபிக்கில் அதை நான் கடைசிக் கையிருப்பாகத்தான் வைத்துக்கொள்வேன்.

புது சீட் வாங்கும் முன் இருக்கிற சீட்டையே ஸ்பேனரால் ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள். பலருக்கு சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும், மரப்புக்கு அது ஒன்றே போதும். போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறதே, ஒரு பலகையை சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்து அதன்மேல் போனை வையுங்கள். சமமாக, வேண்டுமானால் மூக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கீழே. அதற்கு மேல் இறக்கினால் முன்னால் வழுக்கி, எடையெல்லாம் கைக்குப் போய் விரல் மரக்கும். உயரத்துக்கு, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதைவிட உயரமென்றால் இடுப்பு இருபக்கமும் ஆடி ஆடித் தோல் உரசும். ஹேண்டில்பார் சீட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். மேம்பால ஏற்றத்தில் எழுந்து நின்று மிதியுங்கள். அடிக்கடி எழுந்து நிற்கிறவர்களுக்கு மரப்பு குறைவு என்று மேலே சொன்ன 2018 ஆய்விலேயே இருக்கிறது.

மூலம் சைக்கிளால் வராது. முக்குவதாலும் மலச்சிக்கலாலும் வரும். புராஸ்டேட் புற்றுநோய் என்று இணையம் பயமுறுத்துவது, 2014 ஆய்வில் ஐம்பது தாண்டி வாரம் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர்களிடம் தெரிந்த ஒரு தொடர்பை வைத்து. இதை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு 43, வாரம் ஆறேழு மணி நேரம். விடுங்கள்.

தொடை இடுக்குக் கட்டி, ஜீன்ஸ் தையல் உரசியும் வியர்வை ஊறியும் வந்தது. ஆபீஸ் போனதும் உள்ளாடையை மாற்றினாலே பாதி அடங்கும். அதைச் சுற்றி வட்டமாக அரிக்கிறது என்கிறீர்களே, அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் “எல்லாத்துக்கும் இது கேட்கும்” என்று கொடுத்த மூன்று மருந்து கலந்த களிம்பைத்தான் நான் திட்டப் போகிறேன். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, அடியில் பரவும். மருந்துக்கு மசியாத படர்தாமரை இன்று நாடு முழுக்கப் பெருகியதற்கு இந்தக் களிம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், களிம்பு டியூபையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, விறைப்புக்கென்று நண்பர் கொடுத்த அந்த நீல மாத்திரை. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வகையைச் சேர்ந்த எதையாவது சாப்பிடுகிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு மாத்திரை தேவையா என்பதே தெரியாதபோது அதை ஏன் வாங்கினீர்கள்? மரப்பு வேறு, விறைப்பு வராதது வேறு. காலையில் தானாக வருவது வருகிறதென்றால் கவலையில்லை. அது சில மாதங்களாகவே குறைந்திருந்தால் சைக்கிள்மேல் பழியைப் போட்டு உட்காராதீர்கள். அங்குள்ள ரத்தக்குழாய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான், இதயத்தினுடையது மூன்று நான்கு. கொழுப்பு படிந்தால் சின்னது முதலில் சொல்லும். அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு மூன்றும் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தத்தையும் அளந்து, தாளோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். சைக்கிளிலேயே போகலாம்.