கல்யாண வீட்டில் யாருக்காவது தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 34 வயது, தேவகோட்டை. மனம் ஒரு காலம் அளவுமீறி எழும்பி, ஒரு காலம் சோர்ந்து விழும் பைபோலார் நோய்க்கு மூன்று ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது நன்றாக இருக்கிறேன். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பங்காளிகள், தாயபிள்ளைகள் எல்லோரும் நான்கைந்து நாள் ஒரே வீட்டில் தங்குவோம். என் நோய் யார் கண்ணிலாவது பட்டுவிடுமா?

பதில்: நோய் அடங்கியிருக்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. கண்ணில் பட்டால் அது மாத்திரையின் பக்க விளைவாகத்தான் இருக்கும். காபி டம்ளரை நீட்டும்போது, மொய் நோட்டில் பெயர் எழுதும்போது விரல்கள் லேசாக நடுங்கலாம். அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி கொல்லைப்பக்கம் போனால் சர்க்கரை வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். காபி நடுக்கத்தைக் கூட்டும் என்பதால் சற்றுக் குறைக்கலாம். ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும்.

நோய் கிளம்பும்போது கதை வேறு. ஆட்கள் பார்க்கத்தான் செய்வார்கள், பெயரைத்தான் தப்பாக வைப்பார்கள். மனச்சோர்வில் இரண்டாங்கட்டு அறையை விட்டு வராமல் கிடந்தால் திமிர் என்பார்கள். இலேசான எழுச்சி நான்கு நாளாவது நீடிக்கும். கல்யாண வீட்டில் அதற்குப் பாராட்டே கிடைக்கும்: "ஆச்சி ஒருத்தியே பத்து ஆள் வேலை பார்க்குது!" முழு எழுச்சி, அதாவது மேனியா, ஒரு வாரமோ அதற்கு மேலோ நிற்கும். இடையில் யாரும் புக முடியாத பேச்சு, நள்ளிரவில் குடும்ப வாட்ஸாப் குழுவில் வரிசையாகச் செய்திகள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்த் தேவையே இல்லாத பழைய தூணுக்கு அட்வான்ஸ் என்று போகும். அப்போதுதான் ஊர் முணுமுணுக்கும்.

மேனியாவில் கடைசியாக உணர்பவர் பெரும்பாலும் நோயாளிதான், ஏனென்றால் அவருக்கு அது சுகமாக இருக்கும். ஆகவே ஊர் கவனிக்குமா என்பதை விட, கவனிக்க வேண்டியவர் கவனிப்பாரா என்பதே முக்கியம். கணவரோ கூடப் பிறந்தவரோ, ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். 'பார்த்துக்கோ' என்று பொதுவாகச் சொன்னால் பலனில்லை. இப்படிச் சொல்லுங்கள்: தொடர்ந்து இரண்டு இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி, காலையில் களைப்பே இல்லாமல் நான் எழுந்தால், என்னிடம் வாதம் பண்ணாமல் டாக்டருக்குப் போன் செய். கல்யாண வேலையால் தூங்காதவர் மறுநாள் அசந்து போவார். எழுச்சியில் இருப்பவர் அசர மாட்டார். இரவில் டாக்டர் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு உண்மையான ஆபத்து தூக்கம் கெடுவதுதான். தூக்கம் கெட்டாலே எழுச்சி கிளம்பக்கூடும். அதிகாலை முகூர்த்தம் என்றால் முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கே படுக்க, வளவின் (நடு முற்றத்தின்) சத்தம் எட்டாத மேல்மாடி அறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 'தலைவலி' என்றால் போதும், யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று லித்தியத்தின் அளவு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் அது பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். ஆவணிக்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், பந்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனாலும், திடீரென உப்பைக் குறைத்தாலும் அளவு ஏறும். கால்வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போட்டாலும் அப்படியே. தைப்பூசத்துக்குப் பழனி நடை போகிறவர்கள் சகஜமாக விழுங்கும் மாத்திரைகள் இவை. உங்களுக்கு வேண்டாம், பாரசிட்டமால் போதும். ஒரு வேளை மருந்து தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கோடு கை பலமாக நடுங்கி, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அது லித்தியம் நஞ்சாகிவிட்டதன் அடையாளம். பார்ப்பவர்கள் போதை என்று ஒதுங்கிவிடக்கூடும் என்பதால் இதையும் அந்த ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், லித்தியம் சாப்பிடுவதாக முதலிலேயே சொல்ல வேண்டும்.

மற்ற உறவினர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சட்டம் குறிப்பிடும் சில சூழல்கள் தவிர, உங்கள் நோய் விவரத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டால் "டாக்டர் குடுத்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.